இடுப்பில் ஐந்து சாவிகள்

மாமா வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். சாரத்தின் மேல் கட்டிய பெல்ட்டில் ஐந்து சாவிகள் கோத்த வளையம் தொங்கும். நடக்க நடக்கக் குலுங்கும். மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்கு வந்தால், கதிரையில் உட்காரும் முன் அதைக் கழற்றி மேசையின் நடுவில் வைப்பார். தேத்தண்ணீர்க் கோப்பையை இனி எங்கே வைப்பதாம் என்று அம்மா முணுமுணுப்பார்.

அவர் என் அத்தையின் கணவர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசை அறைகளில் நெருங்கி வாழும் லயத்தில் பிறந்து, கண்டியில் ஓர் இரும்புக்கடையில் ஆயுள் முழுக்க உழைத்து, ஆயுள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவர். வீட்டுக்காரர் வந்தால் எழுந்து நின்று பேசிப் பேசி அலுத்துப்போனவர். தானும் ஒருநாள் வீட்டுக்காரராக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வேலையை விட்டபோது கைக்கு வந்த சேமலாப நிதியையும் அத்தையின் நகைகளையும் பிலிமத்தலாவைக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சின்ன டவுனில் கொண்டுபோய்க் கொட்டினார். தோட்டங்களிலிருந்து கடைகளுக்கு வேலைக்கு வரும் இளம் குடும்பங்களுக்கு வீடு வேண்டும். அந்த வாடகையில் தங்கள் கடைசிக்காலம் ஓடிவிடும் என்றார். கேட்ட எல்லோரும் தலையாட்டினோம்.

கட்டி முடித்ததும் எங்களைக் காட்டக் கூட்டிப்போனார். நீளமாக ஒரே கூரை. அதன் கீழே வரிசையாக ஐந்து அறைகள், ஐந்து பச்சைக் கதவுகள், முன்னால் எல்லோருக்கும் ஒரே விறாந்தை, மூலையில் ஒரே தண்ணீர்ப் பைப். தான் விட்டு ஓடிவந்த லயத்தையே மனுசன் சீமெந்தில் கட்டி வைத்திருந்தார்.

"ஒருத்தருக்கு ஒருத்தர் ஒத்தாசையா இருக்கும்ல, மருமகளே" என்றார். பக்கத்துப் பக்கத்தில் குடும்பங்கள் வாழ வேறு எப்படிக் கட்டுவது என்று அவருக்குத் தெரியாது. பாவம், அவர் பார்த்தது அவ்வளவுதான்.

வீடு கேட்டு வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். ஒரு பெண் மட்டும் வாயைத் திறந்து சொன்னாள்: "லயத்த விட்டு வரத்தானே ஐயா வீடு தேடுறோம்." அடுத்த வாரமே மாமா ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு நிறம் அடித்தார். யாரும் வரவில்லை. விற்கலாம் என்றால் வாங்கவும் ஆளில்லை. கண்டியில் தாங்கள் இருந்த வீட்டுக்கு வாடகை கட்ட வழியில்லாமல் மாமாவும் அத்தையும் அந்த முதல் அறைக்கே குடிபோனார்கள். இனி லயத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று கல்யாணத்தன்று சொன்ன அத்தை, பைப்படியில் வாளியோடு நின்றார். இடையில் ஒரு சுவரையாவது உடைத்துப் பெரிதாக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார்.

"நாளைக்கே ஆள் வந்தா எத குடுக்குறது?" என்றார் மாமா. சொந்தக் கட்டடத்தில் நான்கு அறைகளைக் கூட்டிப் பெருக்கிக் காலியாக வைத்துவிட்டு, ஒன்றில் முடங்கிக் கிடந்தார்கள்.

போன மாதம் நான் போயிருந்தபோது ஓர் இளம் தம்பதி வந்தார்கள். காற்றோட்டத்துக்காகக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பையன் மாமாவிடம் கேட்டான்: "நீங்க எவ்வளவு வாடகை குடுக்குறீங்க ஐயா?"

மாமாவின் கை இடுப்புக்குப் போனது. பனியனை இழுத்துச் சாவிகளை மூடினார்.

"கொறச்சல்தான் தம்பி. நாங்களும் வாடகைக்குத்தான் இருக்கோம். வீட்டுக்காரரு தங்கமான மனுசன், ஒரு தொந்தரவும் இல்ல."

பைப்படியில் அத்தையின் வாளி நிரம்பி வழிந்தது. அவர் பைப்பை மூடவில்லை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று அவர்கள் படியிறங்கினார்கள். தங்கமான வீட்டுக்காரரைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே மாமா ரோடு வரைக்கும் பின்னால் போனார், சாவிகள் சத்தம் போடாமல் ஒரு கையால் இடுப்பை அழுத்திப் பிடித்தபடி.