எங்கே என்று கேட்ட அம்மா

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நாளில் மலையேறி வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கும் உறவினர்களுக்கும், அம்மாவோடு களை எடுத்தவர்களுக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இந்த நினைவு மலரில் அம்மாவைப் பற்றி எழுத வெளியாள் யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மா இருந்திருந்தால் இதை ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். இப்போது நானே சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா பிறந்தது கரியாலூருக்கு மேலே, சாமையும் தினையும் விதைக்கும் குடும்பத்தில். அப்பாவைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்கே வந்தார். மலையில் வேலை இல்லாத மாதங்களில் இருவரும் கீழே இறங்கி, தியாகதுருகம் பக்கம் கரும்பு வெட்டினார்கள். நைனார்பாளையத்தில் மக்காச்சோளம் ஒடித்தார்கள். என்னை மட்டும் வயலுக்கு அழைத்ததே இல்லை. "நீ பள்ளிக்கூடம் போ. வெயிலு எங்க ரெண்டு பேரத் தின்னா போதும்" என்பார் அம்மா.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம், மிளகு பறிக்க ஆள் வேண்டும் என்று ஒரு மேஸ்திரி வந்தார். மிளகு பறிக்க ஏன் கோடாலி பிடித்த கைகளாகப் பார்த்துப் பொறுக்குகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கண்ணாடியில் கறுப்புத்தாள் ஒட்டிய வேனில் அப்பா ஏறினார். புறப்படுகிறவரை "எங்கே" என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்பது நம் வழக்கம். "தூரமா?" என்று கேட்கலாம். அம்மாவும் அப்படித்தான் கேட்டார். "தூரந்தான்" என்றார் அப்பா. வேன் மலை இறங்கியது. அதற்குப் பிறகு அவருடைய போனுக்கு மணியே போகவில்லை.

கள்ளக்குறிச்சியில் நான் கல்லூரி சேர்ந்த பிறகுதான் அந்த இணையதளம் என் கண்ணில் பட்டது. செம்மரம் வெட்டக் கூட்டிப் போகப்பட்டு, வெளிமாநிலத்தில் தொலைந்துபோனவர்களைத் தேட வக்கீல்களும் தொண்டர்களும் நடத்துவது. நான் எழுதியதும் ஒரு பெண் அம்மாவிடம் போனில் பேசினார்.

"எந்த ஊருக்குப் போனாருங்கம்மா?"

"தூரம்னு சொன்னாருங்க."

"யாரு கூட்டிக்கிட்டுப் போனது? பேரு தெரியுமா?"

அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டார். அவர்கள் தேடாமல் விடவில்லை. காட்டிலேயே முடிந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். வேறு பெயரில் ஏதோ சிறையில் இருக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். பிடித்துத் தேட ஒரு நுனிகூட எங்களிடம் இல்லை.

கைதானால் என்ன செய்ய வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று தமிழில் ஒரு சிறு புத்தகத்தை அவர்கள் தபாலில் அனுப்பினார்கள். அதை நான் வாசிக்க வாசிக்க அம்மா மனப்பாடம் செய்துகொண்டார். சிக்னல் கிடைக்கும் பாறைமேல் உட்கார்ந்து, அந்தத் தளத்தில் திரும்பி வந்தவர்கள் சொல்லியிருப்பதையும் படிக்கச் சொல்வார். "வந்தவங்கள மட்டும் படி பாப்பா. வராதவங்கள நான் தினமும் பாத்துக்கினுதான் இருக்கறன்."

அதன்பின் அம்மா கேட்கத் தொடங்கினார். பெட்டியோடு பஸ்ஸுக்கு நிற்பவரை, வேனுக்குக் காத்திருப்பவரை, "எங்க போற? யாரு கூட?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். உங்களில் பலர் அதற்காக அம்மாவைத் திட்டியிருக்கிறீர்கள். அம்மா எதிரே வந்தால் வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்டவர்களும் இங்கே இருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. எனக்கே முதலில் கூச்சமாக இருந்தது.

பிறகு அதே வேன் அம்மாவின் தம்பிக்காக வந்தது. பட்டப்பகலில், கரியாலூர் ரோட்டில், அம்மா வேனுக்கு முன்னால் போய் நின்றார்.

"எங்கடா போற?"

"யக்கா, கெளம்பறப்ப வாய வெக்கிறியே. தூரம், போதுமா?"

"தூரம்னா இன்னா? அந்த ஊருக்குப் பேரு வெக்கலயா?"

உள்ளேயிருந்து மேஸ்திரி சிரித்தார். "பொண்டாட்டியே கேக்கல. அக்காவுக்கு இன்னாய்யா அவசரம்?"

"அவ தாலிக்கு பயந்துக்கினு கேக்கல. எனக்கு இனிமே பயப்பட இன்னா இருக்குது?"

வேனுக்குள் சிரிப்பு நின்றது. வெற்றிலை துப்புவதுபோல் இறங்கி வந்த மாமா, அம்மாவின் காதோரம் ஓர் ஊரின் பெயரையும் மேஸ்திரியின் பெயரையும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். மறந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் அந்த இரண்டு பெயர்களையும் முணுமுணுத்துக்கொண்டே அம்மா வீடு வந்து சேர்ந்தார்.

மாமாவின் போனும் அணைந்துபோனது. ஆனால் இந்த முறை தளத்துக்கு எழுத எங்களிடம் விஷயம் இருந்தது. சில நாட்களில் அந்த ஊரை ஒட்டிய சிறையில் மாமா உயிரோடு இருக்கிறார் என்று சொன்னார்கள். அம்மா சத்தம் போட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

ஜாமீன் கிடைக்கும் முன்பே அம்மாவுக்கு மூச்சுத்திணறல் முற்றிவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியபோதும், "உன் மாமன் வந்துட்டானா?" என்றுதான் கேட்டார். உடலை எடுக்கும்போது பூவும் பொட்டும் வைக்கலாமா என்று பெரியவர்கள் தயங்கினார்கள். வைத்துத்தான் எடுத்தோம். அப்பா இறந்தார் என்று இதுவரை யாரும் எங்களிடம் வந்து சொல்லவில்லை.

அம்மாவைத் தூளி கட்டி ரோடுவரை சுமந்து வந்த உறவினர்களுக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், முகம் தெரியாமலேயே மாமாவுக்காக நீதிமன்றத்தில் நின்ற வக்கீலுக்கும், அந்தத் தளத்தை நடத்தும் எல்லோருக்கும் எங்கள் நன்றி. நம் மலையிலிருந்து அந்தத் தளத்துக்கு வரும் அழைப்புகளை இப்போது நான்தான் எடுக்கிறேன். மழை முடிந்ததிலிருந்து அழைப்புகள் ஜாஸ்தி.

மாமா ஜாமீனில் வந்து நம்மோடுதான் இருக்கிறார். போன வாரம் அந்த மேஸ்திரி அவர் வீட்டுக்கு வந்து, "நீ கெளம்பி வா, கேஸ நான் பாத்துக்கறன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தை கோடாலியைத் தேடினார். அது வைத்த இடத்தில் இல்லை. அது எங்கே என்று நான் கேட்டதும் மாமா எழுந்து போய்விட்டார்.

மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்த மலரை அவருக்கு யாராவது வாசித்துக் காட்டுவீர்கள். வாசிப்பவர் தயவுசெய்து இந்த இடத்தில் நிறுத்தி, அவர் முகத்தைப் பாருங்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டால், உடனே எனக்குப் போன் செய்யுங்கள்.