பதினொரு பக்கச் சிவப்புக்கோடு

"பெ.ஆ.க. கூட்டம். தலைமை: த.ஆ. பொருள்: குறுஞ்செய்திச் சுருக்கங்களால் மாணவியர் எழுத்துத்திறன் சீரழிதல்."

என் இளைய மகள் பத்தாம் வகுப்பு படித்த தல்லாகுளம் பள்ளியின் சுற்றறிக்கை இது. இன்னும் என் கோப்பில் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் தலைமை ஆசிரியரையும் ஐந்தே எழுத்தில் முடித்துவிட்டு, பிள்ளைகள் சுருக்கி எழுதுவதற்காகக் கவலைப்பட்டிருந்தார்கள். தேதி போடவில்லை. "நவம்பர் 2005, கைக்கு வந்தது செவ்வாய்" என்று நான்தான் பென்சிலால் குறித்தேன்.

கீழே ஒரு படிவம்: பொதுத்தேர்வு முடியும்வரை மகளின் செல்போனைப் பள்ளியில் ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன். மூத்தவளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டதெல்லாம் அந்தப் போனில் வந்துபோன குறுஞ்செய்திகளில்தான். அது தெரிந்தும், இளையவள் குளிக்கப் போகும் நேரங்களில் போனைத் திறந்து, அவள் அனுப்பியவற்றை நாள், மணி குறித்து நோட்டில் நகலெடுத்தேன். உயிரெழுத்தே இல்லாத ஆங்கிலம். பிழைக்குப் பிழை சிவப்புக்கோடு. பதினொரு பக்கம். இத்தனை வரலாற்று நூல் படித்தவன் மூல ஆவணம் இல்லாமல் கூட்டத்துக்குப் போவேனா?

கூட்டத்தில் வகுப்பாசிரியை யார் பெயரையும் சொல்லாமல், என்னைப் பார்த்தே பேசினார். "ஒரு பிள்ளை காலாண்டுப் பரீட்சை பேப்பர்லயே மெசேஜ் பாஷைய எழுதி வச்சிருக்கு."

நோட்டோடு எழுந்தேன். மைக்கைக் கொடுத்தார்கள்.

முதல் வரி ஆங்கிலமாகத் தடுக்கியது. இரண்டாம் வரியில், விடுபட்டிருந்த உயிரெழுத்துகளை வாய் தானாகவே போட்டுக்கொண்டது. நான் வாசித்தது ஆங்கிலமே இல்லை. எங்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிரம். எங்கள் வீட்டில் ஒருவரும் எழுதிப் பழகாத பேச்சை இரண்டு பெண்களும் ஆங்கிலப் பொத்தான்களை அமுக்கி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்குத்தான் சிவப்புக்கோடு.

பின்வரிசையில் எங்கள் தெருக்காரர், எங்கள் பேச்சு தெரிந்தவர், வெடித்துச் சிரித்தார். "அண்ணே, நிப்பாட்டாதீங்க! இன்னொருக்க வாசிங்க!"

"என்ன சார் அர்த்தம்?" என்றார் ஆசிரியை.

தெருக்காரரே முன்னால் வந்து நோட்டை வாங்கி, தமிழில் சொன்னார்: "'அப்பா மறுபடி ஒரு நோட்டு வாங்கியிருக்கார். எம்புட்டுத்தான் எழுதுவாரோ.' அம்புட்டுத்தான் டீச்சர்!"

மண்டபமே சிரித்தது. அடுத்த வரியில் அவர் கண் போனது. சிரிப்பை நிறுத்தி, நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார்.

அந்த வரி இது: "நீ தினம் அழுறத அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். அப்பாகிட்ட சொல்லல. தேதி போட்டு வச்சுக்குவார்."

"எந்த பாஷையா இருந்தா என்ன சார், கையெழுத்தப் போடுங்க" என்றார் ஆசிரியை. பழக்கதோஷம், படிவத்தில் தேதியை மட்டும் எழுதினேன். கையெழுத்துப் போடவில்லை.

"அந்தக் காலாண்டுப் பேப்பரப் பாக்கலாமா டீச்சர்?"

"அது பீரோல இருக்கு. சாவி ஹெச்.எம். கிட்ட."

மறுநாள் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். நோட்டை எடுத்துப் போகவில்லை. திரும்பி வந்தபின் இரண்டு முறை பள்ளிக்குப் போய்க் கேட்டேன். இரண்டு முறையும் சாவி வரவில்லை. அந்த விடைத்தாளில் குறுஞ்செய்தி மொழி இருந்ததா, இருந்தால் எழுதியது என் மகள்தானா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.