இரவல் குரல்

பர்மாத் தலைநகரின் லத்தாப் பேட்டையில் ஷம்சுதீன் பாய் குடைக்கடை வைத்திருந்தார் என்பது ஊருக்குச் சொன்ன கணக்கு. நடத்தியதென்னவோ செய்திக்கடைதான். காலையில் பிபிசியின் ஆங்கிலச் செய்தியைக் கேட்பார். பிறகு குடைக்கம்பியை முறுக்கியபடியே பர்மியமும் தமிழும் கலந்து தெருவுக்கே அளப்பார். சொட்டு மழை இல்லாத மாசியிலும் குடை ரிப்பேருக்குக் கூட்டம் வந்தால் மேலிடத்துக்கு மூக்கு வேர்க்காதா?

எண்பத்தெட்டுக் கலவரம் அடங்கிய மறுவருடம் வார்டு ஆபீசில் கூப்பிட்டு எழுதி வாங்கிவிட்டார்கள்: ரேடியோச் செய்தியை இனி என் வாயால் வெளியார் யாருக்கும் சொல்ல மாட்டேன். பாய் சொன்ன சொல் தவறாதவர். வினையே அதுதான். கூட்டம் கலைந்தது. தினமும் வரும் எதிர்வீட்டு ராஜரத்தினம்கூட எட்டிப் பார்க்கவில்லை. பாவம், பாய்க்குச் சோறு இறங்கவில்லை.

வழி லண்டனிலிருந்தே வந்தது. வட அயர்லாந்தை விட்டு பிரிட்டிஷ்காரன் போக வேண்டும் என்று பேசும் ஓர் ஐரிஷ் தலைவரின் பேட்டி. அவர் சொன்னதைச் சொல்லலாம், அவர் குரல் மட்டும் ரேடியோவில் கேட்கக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசாங்கம் தடை போட்டிருந்ததாம். அதனால் அவர் பேச்சை ஒரு நடிகர் பேசினார். பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். உலகத்தையே ஆட்டிப் படைத்தவன் பக்கத்து வீட்டுக்காரன் தொண்டைக்குப் பயப்படுகிறானே!

உடனே மனைவியைக் கூப்பிட்டார். "நபீஸா, நீ எனக்கு வெளியாளா?"

"நிக்காஹ் ஆகி இருபத்திரண்டு வருசம் கழிச்சுக் கேக்குற கேள்வியப் பாருங்க."

மறுநாள் முதல் அவர் காதில் முணுமுணுக்க, அவள் குடைத்துணி தைத்துக்கொண்டே உரக்கச் சொன்னாள். சோதிக்க வந்த ஆபீசர் பார்த்தபோது பாய் வாயில் ஊசியைக் கவ்வியிருந்தார். எதற்கென்று வழக்குப் போடுவது? நபீஸா சொன்னதில் உப்பும் உறைப்பும் கூடுதல். அயர்லாந்து விவகாரத்தை அவள் விளக்கியது இப்படி: "வீட்டக் காலி பண்ணிட்டான், வடக்கு ரூமை மட்டும் விடமாட்டேங்கிறான். அந்த ரூம்ல இருக்குறவங்கள்ல பாதிப் பேரு, அவன் இருக்கட்டும்ங்கிறாங்க. பொறவு எப்படித் தீரும்?" தெரு தலையாட்டியது. கூட்டம் இரட்டித்தது.

தொண்ணூற்று நாலில் லண்டனில் தடை நீங்கியது. அந்த ஐரிஷ்காரர் சொந்தக் குரலில் பேசியதைக் கேட்டபோது பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நடிகர் குரல்தான் எடுப்பு என்று மனசுக்குள் பட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அதே மாதம் வார்டு ஆபீசுக்குப் புது ஆபீசர் வந்தார். குடை ரிப்பேருக்கு வந்த கையோடு பாய் எழுதிக் கொடுத்த பழைய தாளைத் திருப்பிக் கொடுத்தார். செய்தி அவருக்கும் வேண்டியிருந்தது.

பாய் தலைவாரி, கனைத்து, ஐந்து வருடம் அடக்கி வைத்த வாயைத் திறந்தார். அரை மணி நேரம் பேசினார். ராஜரத்தினம் மரியாதையாகக் கடைசிவரை கேட்டார். பிறகு அந்தப் பக்கம் திரும்பினார்.

"சரிங்க பாய். நபீஸாம்மா, இன்னிக்கு என்னம்மா செய்தி?"

பாய்க்குச் சுருக்கென்றது. நபீஸா தையலை நிறுத்திவிட்டுப் பாயையே பார்த்தாள். அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, பழையபடி அவள் காதோரம் குனிந்தார்.