மலையேறப் போட்ட டீசல் இஞ்சின்

என் கணவர் அந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது நான் வீட்டில் இல்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமையில் நான் என்றைக்கு வீட்டில் இருந்தேன்? வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பும் முதல் பஸ், பள்ளி மணி அடித்த பிறகுதான் மலைக்கு வந்து சேரும். கீழே இறங்கும் கடைசி பஸ், பிள்ளைகள் கடைசிப் பாடத்தில் கொட்டாவி விடும்போதே ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். அந்த நேரத்தை வகுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு மலையில் வேலை பார்க்கும் மனைவி இருந்திருக்க மாட்டாள். அதனால் நான் மேலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வருவேன், ஞாயிறு மதியம் திரும்பிவிடுவேன்.

வீட்டில் எனக்கு மூன்று வயதில் ஒரு மகள். அவளைப் பார்த்துக்கொண்டவர் என் நாத்தனார். கணவர் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். அவரைப் பற்றி ஒரு குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பிள்ளைக்கு நேரத்துக்குச் சோறு, தலைக்கு எண்ணெய், துவைத்த கவுன், எதிலும் ஒரு குறை இருக்காது. என் வயிற்றெரிச்சல் வேறு. சனிக்கிழமை முழுக்க என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரியும் மகள், தூங்கும் நேரம் வந்தால் அத்தை பக்கம் போய்விடுவாள். என் பக்கத்தில் படுக்கவைத்தால் சமர்த்தாகப் படுப்பாள், கண்ணை மட்டும் மூடமாட்டாள். கொஞ்ச நேரம் எனக்காகப் பொறுத்திருந்துவிட்டு மெல்ல எழுந்து போவாள். வாரத்தில் ஒரு ராத்திரி வருகிறவளிடம் எந்தப் பிள்ளை தூங்கும்? தினமும் வீட்டுக்கு வர வேண்டும், என் மகளை நானே தூங்கவைக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மாற்றல் கேட்டு மனுப் போட்டு ஓய்ந்தாயிற்று. ஒரு மழைக்காலத்தில் ஸ்கூட்டரில் போய்வந்து பார்த்தோம். ஈரத் தழையில் சறுக்கி விழுந்ததில் எனக்கு மணிக்கட்டு பிசகியது, அவருக்கு முட்டி பெயர்ந்தது. அதற்குப் பிறகுதான் கார். அவர் தன் தம்பியோடு சேர்ந்து உரக்கடை வைத்திருந்தார். காலையில் என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மலையில் மரவள்ளி போடுகிறவர்களுக்கு மூட்டை மூட்டையாக உரம் விற்றுவிட்டு, சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடலாம் என்பது அவர் திட்டம். திட்டத்தில் தப்பில்லை. காரில்தான் தப்பு.

நைனார்பாளையத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் பல வருஷம் நின்றிருந்த வண்டி அது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அந்த மாதிரிக் காரை இன்னும் பிளசர் என்றுதான் சொல்வார்கள். உருண்டை முகம், சோபாவைப் போல நீளச் சீட்டு, ஸ்டியரிங் தண்டிலேயே கியர். சனிக்கிழமை வந்து பார்த்தேன். பின்சீட்டின் மூலையில் கோழி முட்டையிட்ட வைக்கோல்கூட அப்படியே இருந்தது.

"ஒருவாட்டி பாத்துட்டா வுட்டுட்டு வர மனசே வராது, பாரு" என்றார் என் கணவர், பானெட்டைத் தடவிக்கொண்டே.

எனக்கு நன்றாகவே வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபிறகு சொல்ல மனசு வரவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை அதில் மலைக்குக் கிளம்பினோம். கச்சிராயபாளையம் வரை ராஜநடை. மலைப்பாதை தொடங்கியதும் இஞ்சின் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் ரேடியேட்டர் கொதித்தது. நிறுத்துவது, மூடியைத் துணியால் திறப்பது, ஆவி அடங்கக் காத்திருப்பது, குடத்துத் தண்ணீரை ஊற்றுவது. தலையில் விறகுச் சுமையோடு நடந்து ஏறிய மலைப் பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அதில் ஒருத்தி, "இன்னா டீச்சர், பிளசருக்குத் தாகமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது என் வகுப்புப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அன்று மாலை அவரை மட்டும் அனுப்பிவிட்டு நான் என் அறைக்கே போய்விட்டேன்.

அந்த வாரமே வண்டி சங்கராபுரம் சாலையில் இருந்த ஒரு பட்டறைக்குப் போனது. பட்டறைக்காரரை ஊரே பாய் என்று கூப்பிட்டது. அவர் அப்பா காலத்திலிருந்தே லாரிக்கும் கரும்பு டிராக்டருக்கும் கமான் பட்டை அடித்துக்கொடுக்கிற குடும்பம். வண்டியின் உடம்பைத் தாங்குகிற அந்த இரும்புப் பட்டைகளைப் பற்றிப் பேசினால் அவருக்கு நேரம் போவதே தெரியாது.

"பெட்ரோல் இஞ்சின்ல மலையேறுறது வீண் வேலைங்க" என்றார் பாய். "டீசல் போட்டுடலாம். இழுவ ஜாஸ்தி, செலவு கம்மி."

சேலத்தில் உடைக்கப்போட்ட ஒரு வேனிலிருந்து டீசல் இஞ்சின் வந்தது. அது காருக்குள் இறங்க மறுத்தது. தாங்கிகளை வெட்டினார்கள், ஒட்டினார்கள், பெரிய ரேடியேட்டரை உள்ளே திணித்தார்கள். தையில் தொடங்கிய வேலை சித்திரைக்குத்தான் முடிந்தது. மலையில் உர மூட்டை ஏற்றப்போகிறோமே என்று பின்பக்கத்துக் கமானில் ஒரு பட்டை அதிகமாகவும் போட்டுவிட்டார் பாய். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. எங்கள் ஊரில் வண்டிக்கு எந்த வியாதி வந்தாலும் ஒரு பட்டை சேர்ப்பதுதான் வைத்தியம். பாரத்தை எப்படித் தாங்குவது என்பதுதான் அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரே கேள்வி.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று மறுபடியும் ஏறினோம். பொய் சொல்லக்கூடாது, அற்புதமாக ஏறியது. டிக்கி நிறைய உர மூட்டை, எங்கேயும் நிற்கவில்லை, கொதிக்கவில்லை. சத்தம் மட்டும்தான் தாங்கவில்லை. கதவுக் கண்ணாடி முதல் என் பல் வரை எல்லாம் ஆடியது. அவர் என்னமோ சொன்னார், நான் என்னமோ பதில் சொன்னேன், இரண்டுபேரும் சிரித்துக்கொண்டோம். அன்று பகல் முழுக்க எனக்குப் பாடத்தில் புத்தி இல்லை. இன்று ராத்திரி, திங்கட்கிழமை ராத்திரி, நான் வீட்டில் இருப்பேன் என்று பிள்ளைகளிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் இறங்கினோம். மூட்டைகள் எல்லாம் விற்றுவிட்டதால் டிக்கி காலி. முன்னால் கனமான இஞ்சின், பின்னால் பாரம் ஏறினால்தான் வளைவேன் என்று அடம்பிடிக்கும் கமான். ஒரு கொண்டை ஊசி வளைவில் அவர் பிரேக்கை மிதித்தார். காரின் பின்பாதி எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் தனியே திரும்பியது. நிற்கும்போது வந்த வழியைப் பார்த்து நின்றிருந்தோம். பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் பள்ளம். அவர் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. நான்தான் விரல் விரலாகப் பிரித்துவிட்டேன்.

மறுநாள் பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "பாரம் இருந்தா ஜம்முனு போவும். பாரம் கம்மியானாத்தான் குதிக்குது. எறங்கும்போது பின்னாடி யாராவது குந்திக்கினு வந்தா சரியாப் பூடும்."

ஏறுவதைப் பற்றியே யோசித்து ஒரு வண்டியைக் கட்டியிருந்தார்கள். இறங்க வேண்டியவள் நான். அதைச் சொல்லிச் சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

அப்படித்தான் நான் பின்சீட்டுப் பாரம் ஆனேன். "முன்னாடி குந்தாத, மூக்கு எறங்குது" என்பார் என் கணவர். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவர் என் எடையைப் பற்றிக் கவலைப்பட்டது அப்போதுதான், போதாது என்று. என்னோடு கச்சிராயபாளையம் போகிற இரண்டு மூன்று பேரை ஏற்றிக்கொள்வோம். ஆள் கிடைக்காத நாட்களில் என்னை ஏற்ற அவருக்குத் தைரியம் வராது, தான் மட்டும் ஊர்ந்து ஊர்ந்து இறங்கிவிடுவார்; எனக்கு அறைதான், தனிச் சோறுதான். ஆள் கிடைத்த நாட்களில் ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்தி, இன்னொருவர் கடையில் சாமான் வாங்கும்வரை காத்திருந்து, வீடு போய்ச் சேரும்போது மகள் அத்தையின் மேல் கால் போட்டுத் தூங்கியிருப்பாள்.

அதற்குப் பிறகு வண்டி பட்டறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. அகலமான டயர் போட்டார்கள், ஸ்டியரிங் அம்மிக்கல்லாகிவிட்டது. ஸ்டியரிங்கை இலகுவாக்க எதையோ மாற்றினார்கள். நேர்ச்சாலையில் வண்டி அலைந்தது. அதைச் சரிசெய்தால் பிரேக் ஒரு பக்கம் இழுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து எலவனாசூர்கோட்டை வரை ஓட்டிப் பார்ப்பார்கள். என் கணவரும் பாயும் முன்சீட்டில் அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வருவார்கள். "இப்ப எப்பிடிங்க இருக்குது டீச்சரம்மா, தூக்கிப் போடுதா?" என்று பாய் திரும்பிக் கேட்பார். எனக்குக் களைப்பாக இருக்கிறது பாய் என்று சொல்லத் தோன்றும். தூக்கிப் போடுகிறது என்று மட்டும் சொல்வேன்.

கடைசியில் ஐப்பசி வாக்கில் ஒரு நாள், சேர்த்துப் பார்த்தது போதும், எடுத்துப் பார்க்கலாம் என்று அவர்கள் இருவருக்கும் தோன்றியிருக்கிறது. பின்கமானில் அதிகப்படியாகப் போட்ட பட்டையைக் கழற்றினார்கள். முன்னால் இருந்த பேட்டரியை டிக்கிக்கு மாற்றினார்கள். நான்கு சக்கரத்துக்கும் புது ஷாக் அப்சார்பர். அவ்வளவுதான். வண்டி அடங்கிவிட்டது. வெறும் டிக்கியோடு இறங்கினாலும் வளைவில் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. என் கணவர் அன்று வீட்டு வாசலில் இறங்கி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, காரின் கூரையில் முத்தம் கொடுத்தார். நான் பார்த்துவிட்டேன். அவர்மேல் எனக்கு அப்போது நிறைய பிரியம் வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து நான் தினமும் வீட்டுக்கு வந்தேன்.

இருட்டு பிரியும் முன் எழுந்து கிளம்புவேன், மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். மலைப்பாதை முழுக்க மூக்கருகில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே போவேன். டீசல் வாடையும் வளைவும் சேர்ந்து வயிற்றைப் புரட்டும். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு கத்தல். சாயங்காலம் மறுபடி அதே வளைவுகள், அதே எலுமிச்சை. விளக்கு வைத்த பிறகு வீட்டுக்கு வருவேன். காதுக்குள் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். மகள் ஓடி வந்து மடியில் ஏறுவாள். எதிர்வீட்டு ஆடு குட்டி போட்டது, குட்டியின் ஒரு காது மட்டும் வெள்ளை என்று தொடங்குவாள். இரண்டாவது வார்த்தையிலேயே எனக்குக் கண் சொருகிவிடும். படுக்கையில் அவளைப் பக்கத்தில் போட்டுத் தட்டத் தொடங்குவேன். முதல் தட்டில் நான் தூங்கிவிடுவேன். விழித்துப் பார்த்தால் பக்கத்தில் வெறும் தலையணைதான் கிடக்கும், பிள்ளை அத்தையிடம் போயிருப்பாள். என்மேல் போர்வை இருக்கும். அதைப் போர்த்திவிட்டது மகளா நாத்தனாரா என்று நான் கேட்டதில்லை.

சில வாரங்கள் இப்படிப் போயின. ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் என் தட்டுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ சனிக்கெழமையே வாம்மா."

"ஏன்டி?"

"சனிக்கெழம வந்தா நீ பேசுவ. இப்ப தூங்கிக்கினே கீற."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் போய், இந்த மிட்டாய் வேண்டாம், அந்த மிட்டாய் கொடுங்கள் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. நாத்தனார் அடுப்படியிலிருந்து, "கொயந்த இன்னாத்தையோ ஒளறுது, நீ துன்னும்மா" என்றார். என் கணவர் வாசற்படியில் நின்றிருந்தார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகளை முன்னால் கோர்த்துக்கொண்டு, வேலை கேட்டு வந்தவரைப் போல நின்றார். அவரும் கேட்டுவிட்டார்.

மறுநாள் மலையில் என்னை இறக்கிவிடும்போது இஞ்சினை அணைத்தார். அப்போதுதான் பேசுவது கேட்கும்.

"வித்துடட்டா?" என்றார்.

"வேணாம். மத்த நாளெல்லாம் இங்கியே தங்கிக்கிறேன். நடுவுல புதன்கெழம மட்டும் வந்து கூட்டினு போங்க."

"வாரத்துல ஒரு நாளுக்கா?"

"ஒரு நாளுக்குத்தான்."

அவர் முன்கண்ணாடியில் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு இஞ்சினைக் கிளப்பினார்.

அந்த வாரத்திலிருந்து மற்ற நாட்களில் என் அறையில் விளக்கு வைத்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அடுத்த புதன்கிழமை காரில் இறங்கினேன். தெளிவாக இருந்தேன். ஆட்டுக்குட்டியைப் பற்றி முதலிலிருந்து கேட்டேன். குட்டி இப்போது புல் தின்கிறது, முட்ட வருகிறது, அதற்கு இன்னும் பேர் வைக்கவில்லை. என் கையில் தலைவைத்துச் சொல்லிக்கொண்டே வந்தவள், குட்டியின் அம்மா என்ன செய்தது என்று சொல்லும்போது நிறுத்திவிட்டாள். யோசிக்கிறாள் என்று நினைத்துக் காத்திருந்தேன். மூச்சு சீராக வந்தது.

அடுத்த அறையிலிருந்து நாத்தனார் குரல் கேட்டது. அவர் தன் படுக்கையின் ஓரத்தில் பிள்ளைக்கு இடம் விட்டுத்தான் படுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"தூங்கிட்டாளாம்மா?"

"தூங்கிட்டா அண்ணி."

"சரி" என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.