இரவல் குரல்

மிமிக்ரி கலைஞரான அவரை எல்லோரும் கிளி என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது குரல் கைவசம். ரேடியோ என்று பட்டப்பெயர் கொண்ட போட்டியாளருக்குப் பன்னிரண்டே குரல்தான். ஆனால் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது ரேடியோவுக்கு. இந்த அநியாயம் கிளிக்குச் செரிக்கவே இல்லை.

ரேடியோ தினமும் காலையில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்வார். காய்ச்சலே வந்தாலும் தவறமாட்டார். நேரம் முடிந்ததும் காய்கறி வாங்கப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கிளிக்கு அப்படிச் சாத்தவோ திறக்கவோ கதவே கிடையாது. குளிக்கும்போதும் பயிற்சி, சாப்பிடும்போதும் பயிற்சி. தூக்கம் போய் கண்ணெல்லாம் குழி விழுந்துவிட்டது. மூன்று வருடமாக ரேடியோவின் நிகழ்ச்சி ஒன்று விடாமல் பதிவு செய்து, இரண்டு குரல்களுக்கு நடுவே அவர் சொந்தக் குரலில் பேசுவதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது என்பது கிளியின் கண்டுபிடிப்பு.

"பாப்பா உங்ககிட்ட ஏதோ சொல்றா. கொஞ்சம் காது குடுங்களேன்," என்பாள் மனைவி. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒருமுறை மேடைக்குப் பின்னால் ரேடியோவே கேட்டார். "என்னப்பா இப்படி இளைச்சிட்டே? ரெண்டு நாள் நல்லா தூங்கேன்."

பயந்துவிட்டான் என்று கிளி சந்தோஷப்பட்டார். பாவம்.

அன்று மகளுக்குக் காய்ச்சல். ஆறு வயது. "முடிஞ்சதும் போன் பண்றேன்," என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். மேடையில் முதல்முறையாக ரேடியோவின் சொந்தக் குரலையே செய்து காட்டினார். அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த ரேடியோவும் எழுந்து நின்று கைதட்டினார். ஜெயித்தாயிற்று. ஆனால் கிளிக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. கைப்பேசியில் சார்ஜ் இல்லாததால் அரங்க அலுவலகத்துப் போனில் வீட்டுக்குப் பேசினார்.

"பாப்பா, சாப்பிட்டியா?"

"ரேடியோ மாமாவா? அப்பா வீட்டுல இல்லையே."

நிகழ்ச்சித் தேதி கேட்க ரேடியோ அடிக்கடி கூப்பிடுவார். அவர் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நான்தாம்மா, அப்பா."

"போங்க மாமா, விளையாடாதீங்க."

கிளி தொண்டையைச் செருமினார். மறுபடி "பாப்பா" என்றார். அதுவும் ரேடியோவாகவே வந்தது. இன்னொரு தரம் முயன்றார். வேறு யாருடைய குரலோ வந்தது.

"மாமா, எனக்குக் காய்ச்சல். அப்பா போன் பண்றேன்னு சொல்லியிருக்காரு," என்றாள் மகள் சோர்ந்துபோய். "நீங்க பேசிட்டே இருந்தா அப்பாவுக்கு லைன் கிடைக்காது. வச்சிடுங்க மாமா."

அவளே வைத்துவிட்டாள்.