கட்டாயமில்லாத ஊசி

பத்துப் பக்கப் படிவத்தில் ஏழாவது பக்கம் வந்ததும் சித்தப்பா நின்றுவிட்டார். அதுவரை ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு வாய்க்குள் வாசித்துக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தபடி இதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதியில் சேருகிறவர்கள் போட்டிருக்க வேண்டிய தடுப்பூசிகளின் பட்டியல் அந்தப் பக்கத்தில் இருந்தது. மற்றவற்றுக்கெல்லாம் பழைய அட்டையைப் பார்த்து நானே சரி போட்டிருந்தேன். கடைசி வரி மட்டும் காலி. மெனிஞ்சோகாக்கல் என்று ஒரு சொல், அதன் பக்கத்தில் கட்டாயமில்லை, போட்டுக்கொள்வது நல்லது என்று ஒரு குறிப்பு. நான் கைபேசியில் தேடிப் பார்த்து, மூளைக்காய்ச்சலில் ஒரு வகையாம், அது வராமலிருக்கப் போடும் ஊசியாம் என்றேன். கட்டாயமில்லை என்றால் விட்டுவிடலாமே என்றும் சொன்னேன். சித்தப்பா படிவத்தை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் அப்பாவின் தம்பி. அரசுப் பேருந்தில் நடத்துநர். வடசேரியிலிருந்து குலசேகரம் போகும் தடத்தில் பல வருடம் ஓடினார். அப்பா மஸ்கட்டில் இருந்ததால் எங்கள் வீட்டு வெளிவேலை எல்லாம் அவர் தலையில்தான் விழும். ரேஷன் அட்டை, வங்கி, என் பள்ளிக்கூடச் சேர்க்கை, கிணற்று மோட்டார், எதுவாக இருந்தாலும் பணி முடிந்த காக்கிச் சட்டையோடே வந்து நிற்பார். சுசீந்திரத்தை ஒட்டிய எங்கள் ஊரில், கொழுந்தன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மா அதற்கு மறுமொழி சொன்னதில்லை.

ஆனால் அவர் என்னைத் தொட்டதில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதை நான் அவருடைய இயல்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடிக்க மாட்டார். தண்ணீர்ப் பாட்டிலின் வாரைப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்து கிடந்தேன். இரண்டடி தூரத்தில் நின்றவர் என்னைத் தூக்காமல், மைனி, மைனி என்று வீட்டைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டு ஆல்பத்தில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு யார் யாரோ இருக்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள்கூட. சித்தப்பா எல்லாப் படங்களிலும் ஓரத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்திருந்தான். நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, பதினான்கு மாதத்தில் இறந்துபோனான். ஒரே ஒரு புகைப்படம் உண்டு. அதில் அவன் சிரிக்கவில்லை, புகைப்படக்காரரைச் சந்தேகத்தோடு பார்க்கிறான். அவனைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் கதை ஒரே வாக்கியம்தான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், முதுகில் ஊசி போட்டார்கள், மறுநாள் பிள்ளை போய்விட்டான். அம்மா இதை இரண்டு மூன்று முறைதான் என்னிடம் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு முறையும் ஒரு சொல்கூட மாறியதில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு ஊசி என்றாலே ஆகாது. நான் குழந்தையாக இருந்தபோது போட வேண்டியவற்றை, விடுப்பில் வந்திருந்த அப்பா அவளிடம் சண்டை போட்டு, தானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஊசி போட வருகிறார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கு எனக்கு வயிற்றுவலி என்று விடுப்புக் கடிதம் போகும்.

ஆகவே அந்தப் படிவத்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னபோது அவள் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. கட்டாயம் இல்லாததை எதற்குப் போட வேண்டும் என்று கேட்டாள். தொலைபேசியில் அப்பா, அம்மா சொல்கிறபடி செய் என்றார். எனக்கும் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. பதினெட்டு வயதில் ஊரை விட்டுக் கிளம்பும் அவசரம்தான் பெரிதாக இருந்தது. அந்த வரியைக் காலியாக விட்டே படிவத்தை அனுப்பியிருப்பேன். விடாமல் பிடித்துக்கொண்டவர் சித்தப்பாதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய பேருந்தில் குலசேகரம் வரை வா என்று என்னைக் கூப்பிட்டார். எதற்கு என்றதற்கு, அங்கே வண்டி இருபது நிமிடம் நிற்கும், பேசலாம் என்றார்.

குலசேகரத்தில் எல்லோரும் இறங்கிப் போன பின் ஓட்டுநரும் தேநீர்க் கடைக்குப் போய்விட்டார். பக்கத்தில் ரப்பர் ஷீட் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அந்தப் புளித்த வாடை பேருந்துக்குள் நிறைந்திருந்தது. சித்தப்பா எனக்கு முன்னிருக்கையில் பக்கவாட்டாக உட்கார்ந்துகொண்டு, வெளியே பார்த்தபடி பேசினார்.

"ஒங்க அண்ணனுக்கு ஊசி போடும்போ பிடிச்சுக்கிட்டு இருந்தது நானாக்கும். மைனி சொல்லியிருக்க மாட்டாவ."

அம்மா சொல்லியிருக்கவில்லை. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வேலை கிடைத்திருக்கவில்லை. அப்பா அன்றும் மஸ்கட்டில். பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து, மூன்றாம் நாள் காலையில் வலிப்பு வந்ததும் அம்மாவும் அவரும் காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். முதுகிலிருந்து நீர் எடுக்க வேண்டும், பிள்ளை அசையாமல் இருக்க வேண்டும், யாராவது ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலும் நெற்றியும் ஒட்டும்படி சுருட்டிப் பிடித்திருக்கிறார். பிள்ளை கத்தக் கத்த இன்னும் இறுக்கியிருக்கிறார். ஊசி உள்ளே போகும்போது கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அம்மா அதன் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் அழுவதை அவள் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். அதன் பிறகு அவன் கண் விழிக்கவில்லை.

"என்னைக் குத்தம் சொல்லி ஒரு வார்த்த பேசினதில்ல மைனி," என்றார். "நீ பொறந்து, ஒன்னைப் பாக்க வந்தேன். கையை நீட்டுனேன். மைனி ஒன்னை அந்தப் பக்கமாத் திருப்பிப் பிடிச்சாவ. அவ்வளவுதான். பொறவு நான் கேக்கல்ல."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் மாற்றம் எதுவும் இல்லை. வழியில் இன்ன ஊரில் பாலம் வேலை நடக்கிறது என்று சொல்வதுபோல்தான் சொன்னார். சற்றுக் கழித்து, அண்ணனுக்கு வந்தது மூளைக்காய்ச்சல்தான் என்று டாக்டர் எழுதியிருந்ததாகவும், அந்தச் சொல்லைப் படிவம் வாசித்த அன்று என் வாயிலிருந்து கேட்டதாகவும் சொன்னார். விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடலாம், அதன் பிறகு போடுவதும் போடாததும் உங்கள் அம்மா இஷ்டம் என்றார். ஓட்டுநர் வந்து ஏறினார். சித்தப்பா எழுந்து விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர், வடசேரியில் தன் வீட்டு முன்னறையிலேயே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்த டாக்டர் இவர் இல்லை. சிறு பிள்ளைகளும் தாய்மார்களும் உட்கார்ந்திருந்த பெஞ்சில் நானும் சித்தப்பாவும் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் படிவத்தை வாசித்தார். இந்த நோய் நம் பக்கத்தில் அடிக்கடி காணக்கூடியதல்ல, ஆனால் வந்தால் ஒரு நாளுக்குள் ஆளைக் கொண்டுபோய்விடக் கூடியது, பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் தூங்கி, ஒரே பாட்டிலில் குடிக்கும் விடுதிகளில் பரவ வாய்ப்பு அதிகம் என்றார். எல்லா மூளைக்காய்ச்சலையும் இந்த ஊசி தடுக்காது, ஒரு கிருமியின் சில வகைகளைத்தான் தடுக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கை வலிக்கும், ஒரு நாள் காய்ச்சல் வரலாம். என் மகள் போவதாக இருந்தால் போட்டுத்தான் அனுப்புவேன், நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள் என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் எழுந்துவிட்டேன். சித்தப்பா எழவில்லை. இருபது வருடம் முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "டாக்டரே, பிடிச்சவன் ரொம்ப இறுக்கிப் பிடிச்சா பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிடித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. "அந்தப் பிள்ளைய நான் பாக்கல. எந்தக் கிருமின்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஆனா முதுகுல நீர் எடுக்கறது நோயைக் கண்டுபிடிக்கத்தான். வலிப்பு வந்து கொண்டுவந்த பிள்ளை நோயாலதான் போயிருக்கும். இறுக்கிப் பிடிச்சாத்தான் ஊசி ஒரே தடவையில சரியாப் போகும், பிள்ளைக்கு நோவு குறையும். லேசாப் பிடிச்சிருந்தா ரெண்டு மூணு தடவை குத்த வேண்டியிருக்கும்."

சித்தப்பா எழுந்தார். வெளியே வந்து, பேருந்து நிலையம் வரை நடந்து, எனக்குச் சுசீந்திரம் வண்டியில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். ஊசியைப் பற்றி மட்டும் சொல் என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பின்வாசலில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஊசியைப் பற்றி டாக்டர் சொன்னதைக் கேட்டபோது அவள் கை நிற்கவில்லை. இறுக்கிப் பிடித்தால் ஏதாவது ஆகுமா என்று சித்தப்பா கேட்டதைச் சொன்னபோது நின்றது.

"அவனா கேட்டான் அதை?"

ஆமாம் என்றேன். அன்றும் மறுநாளும் ஊசி என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. மூன்றாம் நாள் காலையில், என்றைக்குப் போக வேண்டும், நானும் வருகிறேன் என்றாள்.

டாக்டர் ஊசி மருந்தை வரவழைத்துச் சொல்லி அனுப்பியதும் இருவரும் போனோம். சித்தப்பாவுக்கு அன்று பணி. நர்ஸ் வந்து என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னபோது அம்மா அவளிடம், கையில்தானே போடுவீங்க என்று கேட்டாள். கையில்தான் என்றாள் அவள். சற்றுக் கழித்து அம்மா மறுபடியும், கையில்தானே என்றாள். அந்தப் பெண் பொறுமையாக என் தோளைத் தொட்டு, இந்த இடத்தில் என்று காட்டினாள். அம்மா கண்ணை மூடவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. ஊசி உள்ளே போய் வெளியே வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் எனக்குக் காய்ச்சல். வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்த காய்ச்சல்தான். எனக்கு அது தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அவள் அன்று சமைக்கவில்லை. என் கட்டிலருகில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அரைமணிக்கு ஒருமுறை, தாடையைக் கொண்டு நெஞ்சில் தொடு என்பாள். கழுத்து விறைக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனையை அவள் அன்றைய ஆஸ்பத்திரியில் கற்றிருக்க வேண்டும். நான் தொட்டுக் காட்டுவேன். நாலாவது தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

நாலு மணிக்குச் சித்தப்பா வந்தார். பணி முடிந்து நேராக வந்திருந்தார். அறை வாசலில் நின்று, எப்படி இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டார். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து ஒதுங்கினாள்.

"உள்ள வா. தொட்டுப் பாரு."

அவர் வந்தார். கையை நீட்டினார். என் நெற்றிக்கு ஒரு சாண் மேலே அந்தக் கை நின்றுவிட்டது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா மறுபடியும், இந்த முறை இன்னும் மெதுவாக, "தொட்டுப் பாரு தம்பி," என்றாள். கை இறங்கியது. கனமான, சொரசொரப்பான கை. சில்லறைக் காசின் வாடை அடித்தது. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருந்தது.

"சூடு விட்டிருக்கு மைனி," என்றார்.

அம்மா, இந்த ஊசி அன்றைக்கு இருந்ததா என்று கேட்டாள். தெரியவில்லை என்றார் சித்தப்பா. இருந்திருந்தாலும் அவனுக்கு வந்த வகையை இது தடுத்திருக்குமா என்பதும் தெரியாது என்றார். அம்மா சரி என்றாள்.

நான் விடுதியில் நான்கு வருடம் இருந்தேன். யாருக்கும் அந்த நோய் வரவில்லை. ஊசி என்னைக் காப்பாற்றியது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. போடாமல் வந்த என் அறைத் தோழியும் நலமாகத்தான் இருக்கிறாள். இப்போது புனேயில் வேலை செய்கிறேன். இந்த வருடம் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், மகனைக் கல்லூரி விடுதிக்கு அனுப்பும் முன் இந்த ஊசியைப் பற்றிக் கேட்டார். அந்த டாக்டர் எனக்குச் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி, உங்கள் டாக்டரையும் ஒருமுறை கேளுங்கள் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

சித்தப்பா போன வருடம் மாரடைப்பில் இறந்தார். அதற்குப் பின் ஊருக்குப் போயிருந்தபோது அந்தக் காய்ச்சல் நாளைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். வீட்டில் தெர்மாமீட்டர் இருந்ததே, அவரை ஏன் தொட்டுப் பார்க்கச் சொன்னாய் என்றேன். அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் அதை வைத்துப் பார்த்ததாகவும், காய்ச்சல் இறங்கியது தனக்குத் தெரியும் என்றும் சொன்னாள். உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். நான் வேறு பேச்சுக்குப் போகலாம் என்று நினைத்த நேரத்தில் சொன்னாள்:

"கையை நீட்டிக்கிட்டு நின்னான் பாத்தியா, தொடவா வேண்டாமான்னு. இருவது வருசமா அவனை நான் அப்பிடியே நிக்க வச்சிருக்கேன் மக்கா."