முனகுகிற கீபோர்டு

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இந்தக் கதையை இப்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். கீபோர்டுக்குள் நான் தாயத்து வைத்திருப்பதாகக்கூட ஒரு பேச்சு. உள்ளே இருப்பது கம்பிதான். எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று யார் கேட்டாலும் திறந்து காட்டுவேன்.

ரிங்லெட் டவுனில் பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கியது அது. பிள்ளைகள் வாசித்துப் பழகும் சின்ன வகை, பேட்டரியில் ஓடும். பியானோ, வயலின், கிட்டார் என்று ஏகப்பட்ட குரல்கள் அதில் இருந்தன. ஹெலிகாப்டர்கூட இருந்தது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் தேயிலையைச் சுருட்டும் எந்திரம் போடும் சத்தம் இல்லை. உறுமி இல்லை. எங்கோ உட்கார்ந்து யாரோ இந்தக் குரல்கள் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை.

வேலை முடிந்து வந்து, மேசையில் பழைய பேப்பரை விரித்துக் கீபோர்டைத் திறப்பேன். திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வைப்பேன். பேட்டரியில் ஓடுவதை மட்டும்தான் திறப்பது. சுவர் கரண்டில் இருப்பதைத் திறந்தால் உயிர் போய்விடும். சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியின் ஒரு முனையைப் பலகையில் ஓர் ஈயப் பொட்டின்மீதும், மறுமுனையை வேறொரு பொட்டின்மீதும் வைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, அல்லது கீபோர்டு வாயடைத்துப்போகும். சில இடங்களில் வயலின் இருமும். நல்ல இடம் கிடைத்தால் கம்பியை ஈயத்தால் பற்றவைத்து, மூடியில் துளை போட்டு, வெளியே ஒரு ஸ்விட்ச் பொருத்துவேன்.

ஓரிடத்தில் ஸ்விட்ச் வேண்டாமென்று இரண்டு பித்தளைத் திருகாணிகளைப் பதித்தேன். இரண்டையும் சேர்த்துத் தொட்டால் விரல்கள் வழியே கரண்ட் துளியளவு ஓடி, சுரம் மெல்லக் கீழே வழுக்கும். விரலில் ஈரம் இருந்தால், வளைந்த குச்சியால் உறுமித் தோலைத் தேய்க்கும்போது எழுகிற அதே முனகல். எங்கள் மலையில் ஈரத்துக்கா பஞ்சம்?

கோவில் பஜனைக் குழுவின் கீபோர்டு அந்த ஈரத்தில்தான் செத்தது. மாரியம்மன் திருவிழா நெருங்கியதால் என்னையும் என் கீபோர்டையும் கூப்பிட்டார்கள். முதல் வெள்ளிக்கிழமை பஜனையில், அம்மனைப் பெயர் சொல்லி அழைக்கும் வரி வந்ததும் திருகாணிகளைத் தொட்டேன். முனகல் எழுந்து இறங்கியது. அடுத்த நொடி, பக்கத்து வீட்டு அக்கா தலைமுடி அவிழ ஆடத் தொடங்கினார். திருவிழாவில் உறுமி முழங்கும்போது அருள் வந்து குறி சொல்பவர் அவர். அன்று கோவிலில் உறுமியே இல்லை.

மறுநாள் காலை கோவில் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் இன்னும் காலையில் வேலைக்கு வந்தவர்களைப் பேர்போடுகிற மாதிரிதான் பார்ப்பார்.

"தங்கச்சி, சாமிக்கு வாசிக்கக் கூப்பிட்டா, பூனைக்குப் பிரசவம் பாக்குற மாதிரி சத்தம் வைக்கிற. அந்த வயரெல்லாம் கழட்டிட்டு நார்மலா கொண்டு வா லா."

"அக்காவுக்கு அருள் வந்துச்சே, அண்ணே?"

"அருள் உறுமிக்கு வரும். பிளாஸ்டிக் டப்பாவுக்கு வருமா?"

"அப்போ அக்கா சும்மா ஆடுனாங்கங்கிறீங்களா?"

அவர் மகளுக்குக் கல்யாணம் கூடிவரும் என்று குறி சொன்னதே அந்த அக்காதான், கூடியும் வந்தது. அருள் பொய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, டப்பாவுக்கு வந்தது என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. ஆகவே தப்பு என்னுடையது என்று முடித்தார். கம்பிகளைக் கழற்றினால் திருவிழாவில் வாசிக்கலாம். கழற்றாவிட்டால் கோவில் பக்கமே அதைக் கொண்டு வரக் கூடாது.

"கழட்ட மாட்டேன், அண்ணே" என்றேன். தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

திருவிழாவில் வாசிக்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. கழற்றுவதும் சிரமமில்லை. ஈயத்தை உருக்கினால் கம்பிகள் கையோடு வந்துவிடும். கீபோர்டு மறுபடி நல்ல பிள்ளையாகிவிடும். லயத்தில் இரண்டு மூன்று பேர் விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். அக்காவிடம் கேட்டேன். துணி காயப்போட்டபடியே, "எனக்கென்ன தெரியும்? அது கூப்பிட்டுச்சு, வந்துட்டேன்" என்றார். எனக்கு அது போதும்.

கோவிலுக்குக் கம்போங் ராஜா டவுனிலிருந்து வேறொரு கீபோர்டை வாடகைக்கு எடுத்தார்கள். நான் போகவில்லை.

ஆனால் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரகம் கோவிலை விட்டு இறங்கினால் லயத்தின் ஒவ்வொரு வாசலிலும் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் கரகம் எடுத்தவரின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கற்பூரம் காட்டும்வரை நகரக் கூடாது. சண்டைக்கார வீடானாலும் தாண்டிப் போகக் கூடாது. தலைவருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். கோவில் அவர்கள் பொறுப்பு. என் வாசல் என் பொறுப்பு.

வாசலில் முக்காலி போட்டு, கீபோர்டை வைத்து, ஸ்பீக்கரை இணைத்துக் காத்திருந்தேன். பனிமூட்டம் இறங்கிய மாலையில் கரகம் வந்தது. குனிந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். கை நனைந்தது. கற்பூரத்தைக் கொளுத்தாமல் தட்டிலேயே விட்டுவிட்டு, அந்த ஈரக் கையோடு திருகாணிகளைத் தொட்டேன்.

கரகத்தோடு வந்த உறுமிக்காரர் குச்சியைத் தூக்கியபடி நின்றார். கேட்டார். பிறகு தோலை ஒரே இழுப்பாக இழுத்துப் பதில் கொடுத்தார். நான் சுரத்தில் இறங்கினேன், அவர் ஏறினார். கரகம் எடுத்தவரின் ஆட்டக் கால் தானாகவே அடி மாறியது. கூட்டத்தின் பின்னாலிருந்து அக்காவின் குரல் கிளம்பியது.

தலைவர் என் அருகில் வந்து குனிந்தார். "தங்கச்சி, சூடத்தக் காட்டு. இன்னும் வீடு இருக்கு."

"காட்டுறேன், அண்ணே. இன்னும் முடியல."

முடித்த பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு தீப்பெட்டியை எடுத்தேன்.